ஒலுவில் ராத்தாவின் கூரை

ஒலுவிலுக்குப் போகிறவர்கள் வெளிச்சவீட்டைப் பார்க்கப் போவார்கள், அல்லது துறைமுகத்தை, அல்லது பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு வீட்டின் கூரையைப் பார்ப்பதற்கு. 2025 ஆகஸ்ட் மாதம் அது. கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்கள்.

ராத்தா தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். "புள்ள, கூர முழுக்க ஒழுகுது. மேசன் வந்து பாத்தார். ஓட்டையெல்லாம் கழட்டிப் போட்டுச் சீற் போடணுமாம். ரெண்டு இலட்சத்துக்கு மேல வேணுமாம். லோன் தாற ஆக்கள் வெள்ளிக்கிழமை வருவாங்க. நீ அதுக்கு முன்ன ஒருக்கா வந்திட்டுப் போ" என்றார்.

நான் மேசனும் இல்லை, ஓடாவியும் இல்லை. ஆனால் 1996ஆம் ஆண்டிலிருந்து என்னுடைய வீட்டுக் கூரையை நானே பார்த்து வருகிறேன். என்ன உடைந்தது, எப்போது மாற்றினேன், எத்தனை ஓடு மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அது ராத்தாவுக்குத் தெரியும். அதனால்தான் கூப்பிட்டார்.

எனது ஊர் சம்மாந்துறைக்கு அப்பால் உள்ள ஒரு வயலோரக் கிராமம். மாவடிப்பள்ளி வழியாக வந்து காரைதீவுச் சந்தியில் இறங்கி அக்கரைப்பற்று பஸ் எடுத்தேன். நிந்தவூர் கழிந்ததும் இரண்டு பக்கமும் வயல்கள். சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. களியோடைப் பாலத்தைத் தாண்டினால் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெரிய கட்டடங்கள். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமானது. யுத்த காலத்தில் பிறந்த பல்கலைக்கழகம்.

பஸ்ஸில் போகும்போது கூரைகளைப் பார்த்துக்கொண்டு போவது என் பழக்கம். எங்கள் கரையோரத்தில் ஒரு வீட்டின் வரலாற்றைக் கூரை சொல்லிவிடும். சிவந்து கறுத்த கள்ளிக்கோட்டை ஓடு என்றால் அது யுத்தத்துக்கு முந்திய வீடு. துருப்பிடித்த தகரம் என்றால் அகதியாக இருந்து திரும்பி வந்தவர்கள் போட்டது. சாம்பல் நிற அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் பெரும்பாலும் சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுத்தது. நீலமும் சிவப்புமாக நிறத் தகடு போட்டிருந்தால் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கிடுகுக் கூரையை இப்போது தேநீர்க் கடையிலும் கடற்கரை வாடியிலும்தான் காண முடிகிறது.

ஒரு வீடு, மூன்று கூரை

ராத்தாவின் வீட்டில் இந்தக் கூரைகளில் மூன்று வகை இருக்கிறது. முன் மண்டபமும் இரண்டு அறைகளும் ஓடு. அது அவருடைய வாப்பா, மகளின் கல்யாணத்துக்காகக் கட்டியது. பின்னால் ஓர் அறை அஸ்பெஸ்டஸ் சீற். கடல் வந்த பிறகு ஒரு நிறுவனம் போட்டுக் கொடுத்தது. குசினி தகரம்.

எங்கள் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தமிழர் ஆனாலும் முஸ்லிம்கள் ஆனாலும் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஒரு மகள் பிறந்த அன்றிலிருந்து ஒரு தகப்பன் செங்கல்லும் ஓடும் சேர்க்கத் தொடங்குவார். இதில் உள்ள பாரமும் கண்ணீரும் வேறு கதை. ஆனாலும் வீடு எங்கள் பெயரில் இருக்கிறது என்ற ஒரு தைரியம் எங்களுக்கு இருந்தது.

ராத்தாவை நான் முதன்முதலில் கண்டதும் இந்த விடயமாகத்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையில் ஆகக் கூடுதலான உயிரிழப்பு நடந்தது அம்பாறை மாவட்டத்தில். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அடுத்த வருடம் கல்முனையில் நடந்த பெண்கள் கூட்டமொன்றில், வீட்டு உதவிப் படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் ஆணின் பெயரைத்தான் கேட்கிறார்கள் என்ற பிரச்சினை வந்தது. அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழும்பினார்.

"என்ட ஊடு என்ட உம்மா வாப்பா எனக்குத் தந்த ஊடு. இப்ப திருத்தித் தாறதுக்கு மட்டும் ஏன் ஆம்புளைட பேரக் கேக்கிறீங்க? என்ட மாப்பிள 1990ல வயலுக்குப் போனவர், வரல்ல. மையித்தும் கிடைக்கல்ல, மரணச் சான்றிதழும் இல்ல. நான் ஆர்ட பேர எழுத?"

கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. எனது கணவரும் அதே வருடம் போனவர்தான். அன்றிலிருந்து அவர் எனக்கு ராத்தா.

வீடு எங்கள் பெயரில் இருந்தாலும் கூரை எங்கள் கையில் இல்லை. இதை நான் என் அனுபவத்தில்தான் கண்டுகொண்டேன். சுவரை மெழுகுவோம், வளவைக் கூட்டுவோம், வேலி கட்டுவோம். கூரை என்று வந்ததும் ஓர் ஆணைத் தேடுவோம். அவர் சொல்வதுதான் கணக்கு. தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

1996இல் நான் ஊருக்குத் திரும்பி வந்தபோது என் வீட்டில் சுவர் மட்டும் நின்றது. ஓடு, சலாகை, கைமரம், வளை எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. ஆளில்லாத வீட்டில் முதலில் போவது கூரைதான். கூரை போனால் இரண்டு மாரி மழையில் சுவரும் கரையும். முகாமில் தந்த தகரத்தைப் போட்டேன். கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு ஆணி கழன்று தகரம் அடிக்கத் தொடங்கியது. கூப்பிட ஆள் இல்லை. கணவருடைய சாரத்தை உடுத்துக்கொண்டு, சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு, இருட்டில் ஏறினேன். காலையில் அயலில் கதை வந்துவிட்டது. பெண் கூரையில் ஏறினால் குடும்பம் விளங்காதாம். அன்று அழுதேன். ஆனால் அன்றிரவு என் பிள்ளைகள் நனையாமல் நித்திரை செய்தார்கள்.

முதலில் பார்க்க வேண்டும்

ராத்தா தேநீர் தந்தார். குடித்துவிட்டு, நாங்கள் இருவரும் அவருடைய மகளும் வீட்டுக்குள் போனோம். நேரம் உச்சிப் பொழுது. கதவு யன்னல்களை மூடி இருட்டாக்கினேன். மேலே பார்த்தால் நட்சத்திரம் போல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. அவைதான் உடைந்த ஓடுகள், விலகிய ஓடுகள். மகள் ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே நிலத்தில் சுண்ணக்கட்டியால் குறி போட்டார். முப்பதுக்குக் கொஞ்சம் கூட வந்தது.

"இவ்வளவுதானா?" என்று ராத்தா கேட்டார்.

இவ்வளவு இல்லை. கட்டிலுக்கு மேலே ஒழுகும் இடத்தில் வெளிச்சப் புள்ளி எதுவும் இல்லை. நாங்கள் பிழை விடுவது இந்த இடத்தில்தான். சொட்டு விழும் இடத்திலேயே ஓட்டை இருக்கும் என்று நினைக்கிறோம். தண்ணீர் மேலே ஓரிடத்தில் புகுந்து, கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பல அடி தூரம் இறங்கி வந்துதான் சொட்டும். மரத்தில் கறுத்த கோடு ஒன்று இருக்கும். அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து மேலே போக வேண்டும். நாங்கள் டோர்ச் அடித்துப் பார்த்தோம். கோடு நேராக முகட்டுக்குப் போனது.

பிறகு ராத்தாவுக்குத் தெரிந்த ஒரு வயதான ஓடாவியாரைக் கூப்பிட்டோம். அவர் மருமகனுடன் வந்தார். ஓட்டின் மேல் நேரே கால் வைக்காமல், ஏணியைக் கூரைமேல் படுக்கப் போட்டு, அதில் பலகை கட்டி ஏறினார். முகட்டு ஓடுகளை ஒட்டியிருந்த சாந்து முழு நீளத்துக்கும் வெடித்திருந்தது. விரலை விட்டால் போகும். சாந்தில் ஒரு துண்டைக் கீழே எறிந்தார். உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது.

"இது கடல் மண்ணுல போட்ட சாந்து. சீமெந்தையும் அள்ளிப் போட்டிரிக்கி. வெடிக்காம என்ன செய்யும்?" என்றார்.

கடல் மண்ணில் உள்ள உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரமாகிக் காய்ந்து, மறுபடி ஈரமாகிக் காயும்போது உப்பு பளிங்காகிச் சாந்தையும் ஓட்டையும் செதில் செதிலாக உடைக்கும். சீமெந்து கூடினால் பலம் என்று நாங்கள் நினைக்கிறோம். முகட்டுக்கு அது சரிவராது. சீமெந்து கூடிய சாந்து காயும்போது சுருங்கி வெடிக்கும். வெயிலில் ஓடு விரிந்து சுருங்கும்போது அதோடு சேர்ந்து கொடுக்கவும் மாட்டாது.

ஆக, கூரையில் பழுது மூன்று. முகட்டுச் சாந்து, உடைந்த ஓடுகள் 38, கறையான் தின்ற சலாகை மூன்று. கைமரமும் வளையும் நல்ல மரம். கத்தியால் குத்திப் பார்த்தோம், இறங்கவில்லை. ஓட்டையெல்லாம் கழற்றிச் சீற் போட வேண்டிய தேவையே இல்லை.

ராத்தா நிலத்தில் இருந்துவிட்டார். "அல்லாஹ்! வெள்ளிக்கிழம கையெழுத்து வெச்சிருப்பனே" என்றார்.

கையெழுத்து வைத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. வாரா வாரம் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்போம். 2018இல், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தான் பொறுப்பேற்பதாக அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு இந்தப் பிரச்சினை முற்றியிருந்தது. அந்தக் கடன்களில் எத்தனை, பார்க்காத கூரைக்காக எடுத்ததோ!

இரண்டு நாள் வேலை

மறுநாள் காலை வேலை தொடங்கியது. ஆண்கள் இருவர் மேலே, பெண்கள் நாங்கள் மூவர் கீழே.

மாற்று ஓடு தேடுவதில் ஒரு சங்கடம் உண்டு. கள்ளிக்கோட்டை ஓடு என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொரு தொழிற்சாலையின் அச்சும் வேறு. ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் மேடு சரியாகக் குந்தாது. குந்தாவிட்டால் அந்த இடம் ஒழுகும். ஓட்டைப் புரட்டிப் பார்த்தால் அடியில் தொழிற்சாலையின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அதே பெயர் உள்ள பழைய ஓட்டைத் தேடி வாங்குவதுதான் நல்லது. இந்த வகை ஓட்டை இந்தியாவில் முதலில் தொழிற்சாலை வைத்துச் செய்தவர்கள் பாசல் மிஷன் பாதிரிமார். 1865இல் மங்களூரில் தொடங்கினார்கள். பிறகு கள்ளிக்கோட்டையிலும் செய்தார்கள். அந்த ஊரின் பெயர் எங்கள் வாயில் நின்றுவிட்டது.

பழைய ஓட்டைத் தெரிவு செய்வது எங்கள் வேலை. ஓட்டை ஒரு கையில் தூக்கி விரல் மடக்கால் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்வெடிப்பு உண்டு. அடிப்பக்கம் செதில் உதிர்ந்தால் உப்புத் தின்றது, எடுக்கக் கூடாது. பாசியைத் தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவினோம். கம்பித் தூரிகை போட்டால் ஓட்டின் மேல்தோல் போய் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும்.

சாந்துக்கு ஒரு வாளி சீமெந்து, ஒரு வாளி சுண்ணாம்பு, ஆறு வாளி ஆற்று மண். மண்ணை ஓடாவியார் நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பில்லை என்று கண்டபிறகுதான் கலக்க விட்டார். சுண்ணாம்பு சேர்ந்தால் சாந்து கொஞ்சம் இளகிக் கொடுக்கும், வெடிக்காது. கச்சான் காற்றில் சாந்து வேகமாகக் காய்ந்துவிடும் என்பதால் வெயில் சாய்ந்த பிறகுதான் முகடு பூசினார்கள். ஓடுகளை முதலிலேயே தண்ணீரில் ஊறப் போட்டிருந்தோம். காய்ந்த ஓடு சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். பூசிய பிறகு ஐந்து நாள் ஈரச் சாக்குப் போட்டு வைக்கச் சொன்னார்.

ஏன் ஆகஸ்டில் இந்த வேலை என்று கேட்கலாம். எங்கள் கரையோரத்தில் மழை பெரும்பாலும் ஐப்பசியில் தொடங்கித் தை வரை, வாடைக் காற்றோடுதான். மழை தொடங்கியபின் ஓடாவி கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் கேட்டது கூலி. மரமும் ஈரமாக இருக்கும். கச்சான் வீசும் ஆனி, ஆடி, ஆவணியில் மரம் காய்ந்திருக்கும், ஆளும் கிடைக்கும். கூரை வேலைக்கு இதுதான் காலம்.

யாருடைய ஓடு?

இரண்டாம் நாள் பகல், ஓடு தட்டிக்கொண்டிருந்தபோது ராத்தா ஓர் ஓட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அதன் அடியில் வேறு தொழிற்சாலையின் பெயர் இருந்தது. அறைப்பக்கக் கூரையில் இப்படிப் பல ஓடுகள் கலந்திருந்தன.

"புள்ள, உனக்கிட்ட ஒண்டு சொல்லணும். இந்த ஓடு வாப்பா போட்டதில்ல. 91ல லொறியில கொண்டு வந்து வித்தாங்க. நல்ல மலிவு. எங்கட கூரையும் உடஞ்சி கிடந்திச்சி. எந்த ஊரு ஓடு, ஆர்ட ஊட்டு ஓடு எண்டு நான் கேக்கல்ல. கேட்டா வாங்க ஏலாது எண்டு எனக்குத் தெரியும்."

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுச் சுவர்களின் மேல் வானம் தெரிந்த அந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. அந்த ஓடுகளும் ஏதோ ஒரு லொறியில்தான் போயிருக்கும்.

பிறகு சொன்னேன். "ராத்தா, நான் திரும்பி வந்து போட்ட முன்கதவு பழைய கதவு. முதிரை மரம். சந்தையில் அரைவிலைக்கு வாங்கினேன். அதில் யாரோ பிறை வெட்டியிருந்தார்கள். நானும் கேட்கவில்லை."

ராத்தா என் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். மேலேயிருந்து ஓடாவியார் "ஓடு வரட்டும்" என்று சத்தம் போட்டார். அந்த ஓட்டைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. மேலே கொடுத்தோம்.

தகரமும் சீற்றும்

குசினித் தகரத்தில் துரு பிடித்திருந்தது ஆணியைச் சுற்றியும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரங்களிலும், தாவாரத்தின் அடிப்பக்கத்திலும். ஒலுவிலில் கடல் கிட்ட வந்துவிட்டது என்று ராத்தா சொல்வார். துறைமுக வேலை 2008இல் தொடங்கி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். அதன் பின் கடல் அலை கொண்டுவரும் மண் துறைமுக வாயை மூட, மறுபக்கத்தில் கரை அரிக்கப்பட்டுத் தென்னைகள் விழுந்தன. கடல் கிட்ட வந்தால் காற்றில் உப்பும் கூடும். கூரையின் மேற்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும். தாவாரத்தின் அடியில் மழை படாது, உப்பு அப்படியே தங்கித் துருவாக்கும். மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை அடிப்பக்கத்தில் வீசிக் கழுவினாலே தகரத்தின் ஆயுள் கூடும்.

துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, றெட் ஒக்சைட் பூசி, அதன்மேல் நிறப்பூச்சுப் பூசினோம். இதை ராத்தாவின் மகள் ஏணியில் நின்றே செய்தார். பழைய ஆணிகளைக் கழற்றி, நாக முலாம் பூசிய ஆணியும் றப்பர் வளையமும் போட்டோம். ஆணி தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடும் தண்ணீர் ஆணித் துவாரத்தால் இறங்கும்.

அஸ்பெஸ்டஸ் சீற் விடயத்தில்தான் நான் கண்டிப்பாக நின்றேன். அதில் ஒரு வெடிப்பு இருந்தது. மருமகன் மெஷினால் வெட்டித் துண்டு போடுவோம் என்றார். வேண்டாம் என்றேன். அஸ்பெஸ்டஸ் சும்மா கிடக்கும்போது தரும் ஆபத்து குறைவு. வெட்டினால், துளைத்தால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்த் தூசு பறக்கும். அது சுவாசப்பையில் தங்கி, இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சுவாசப்பைக்கு மட்டுமல்ல, பெண்களின் சூலகத்துக்கும் ஆபத்து. கணவன்மாரின் தூசு படிந்த வேலை உடுப்பைத் துவைத்த மனைவிமாருக்கே நோய் வந்ததை வெளிநாடுகளில் கண்டிருக்கிறார்கள்.

இலங்கையில் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 ஜனவரியிலிருந்து மட்டுப்படுத்த அரசு முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. தேயிலையில் வண்டு இருந்தது என்று காரணம் சொன்னார்கள். உடனே அஸ்பெஸ்டஸ் தடையும் பின்போடப்பட்டது. மலையகத்துப் பெண் கிள்ளும் கொழுந்துக்கும் ஒலுவில் பெண்ணின் தலைக்கு மேலிருக்கும் கூரைக்கும் இப்படி ஒரு தொடர்பு.

வெடிப்பைத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் தார் ஒட்டு நாடாவால் மூடினோம். சீற்றில் கால் வைக்கவில்லை. பழைய சீற் எந்த நேரமும் உடைந்து ஆள் உள்ளே விழலாம். உடைந்த சீற் துண்டுகளால் ராத்தா கோழிக்கூட்டுக்கு மறைப்புக் கட்டியிருந்தார். அவற்றை நனைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, இரண்டு மடிப்புப் பொலித்தீனில் சுற்றி ஒதுக்கினோம். இதை எங்கே போடுவது என்று பிரதேச சபையில்தான் கேட்க வேண்டும். பாதைக்கு இடித்துப் போடவோ எரிக்கவோ கூடாது.

காற்றையும் நினைக்க வேண்டும்

வேலை முடிந்த மாலை, ஓடாவியார் 1978 சூறாவளியைப் பற்றிச் சொன்னார். நவம்பர் 23ஆம் திகதி இரவு. எனக்கும் சிறுபிள்ளையாக அந்த இரைச்சல் நினைவிருக்கிறது. காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை. தாவாரத்துக்குக் கீழே புகுந்து மேலே தூக்குகிறது. அதனால் கைமரம் சுவரோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ராத்தாவின் வீட்டில் கைமரங்கள் சுவர் மரத்தின்மேல் சும்மா ஆணியில்தான் நின்றன. கனத்த முலாம் கம்பியால் ஒவ்வொன்றையும் இறுக்கிக் கட்டினார். தகரத்துக்கு ஓரங்களிலும் முகட்டிலும் ஆணியை நெருக்கமாக அடிக்க வேண்டும். காற்று முதலில் பிடிப்பது அங்கேதான்.

எல்லாச் செலவும் சேர்த்து மேசன் கேட்ட தொகையில் எட்டில் ஒரு பங்கும் வரவில்லை. ராத்தா தன் சீட்டுக் காசில் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கடன்காரர்கள் வந்தபோது தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை நாடு இழந்தது. எங்கள் மாவட்டத்திலும் அடைமழை. தொலைபேசி வேலை செய்த முதல் நாள் ராத்தாவைக் கூப்பிட்டேன். "ஒரு இடத்துல மட்டும் சொட்டுது புள்ள. அதுக்குக் கீழ குறி போட்டு வெச்சிரிக்கன்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பயந்து அழவில்லை, மேசனைத் தேடி ஓடவில்லை. குறி போட்டு வைத்திருக்கிறார்!

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டினார்கள். வழக்கினால் பகிர்ந்தளிக்க முடியாமல் அவை வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்து பழுதடைந்தன. புது வீடாக இருந்தாலும் பார்க்க ஆளில்லாவிட்டால் கூரை நிற்காது. பழைய வீடாக இருந்தாலும் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் நிற்கும்.

சகோதரிகளே, எல்லோரும் கூரையில் ஏறுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏறத் தெரிந்தவர் ஏறட்டும். ஆனால் இந்தக் கச்சானில் ஒருநாள் உச்சிப் பொழுதில் கதவைச் சாத்திவிட்டு மேலே பாருங்கள். வெளிச்சப் புள்ளிகளை எண்ணுங்கள். மரத்தில் கறுத்த கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதன்பிறகு மேசனைக் கூப்பிடுங்கள். அவர் சொல்வது சரியா என்று அப்போது உங்களுக்குத் தெரியும். கடன் படிவத்தில் கையெழுத்து வைப்பது அதற்கும் பிறகுதான்.

ராத்தாவின் வீட்டில் மிஞ்சிய ஆறு ஓடுகளை எனக்குத் தந்துவிட்டார். என் கூரையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டியிருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கொண்டக்டர், "என்னம்மா, ஒலுவிலிலிருந்து ஓடு கொண்டு போறீங்க?" என்று சிரித்தார். "ஓம் தம்பி, சரியான அச்சு இதுதான்" என்றேன்.